மூன்றாம் வகுப்பில் வந்த வாடை

தாராவி முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் ஆயாவாகச் சேர்வதற்கு முன் ஷரீஃபுன்னிசா பதினோரு வருஷம் தோல் கிடங்கில் வேலை பார்த்தவள். லாரியில் வந்து இறங்கும் உப்புத் தோல்களில் எது உள்ளே அழுகத் தொடங்கிவிட்டது என்பதை, மடிப்பைப் பிரிக்காமலே மூக்கை வைத்துச் சொல்லிவிடுவாள். அவள் ஒதுக்கிய தோலைப் பிரித்தால் முடி கையோடு வரும். சுண்ணாம்புத் தொட்டியின் ஆவி நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனபோது, கிடங்கு முதலாளிதான் பள்ளியில் சொல்லி அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தார்.

1964. மழை ஓய்ந்த சமயம். சுகாதார டாக்டர் சுந்தரராமன் மாட்டுங்காவிலிருந்து வந்து, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தித் தொண்டை பார்த்தார். டார்ச் பிடிப்பது ஷரீஃபுன்னிசாவின் வேலை. மூன்றாம் வகுப்பு அகிலாண்டம் வாயைத் திறந்ததும் ஒரு வாடை வந்தது. இனிப்பும் அழுகலுமாக, கெட்டுப்போன தோலின் மடிப்புக்குள்ளிருந்து வருகிற அதே வாடை. டார்ச் ஆடியது.

"நேரா பிடிங்கோ" என்றார் டாக்டர். பார்த்தார். "சரி, அடுத்தது."

ஒரு பிள்ளையின் வாயில் தோல் வாடை என்று எப்படிச் சொல்வது? அவள் சொல்லவில்லை. நாலாம் நாள் அகிலாண்டத்துக்கு எச்சில்கூட இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் மூச்சு நின்றது. தொண்டை அடைப்பான் என்றார்கள்.

திங்கட்கிழமை டாக்டர் மறுபடி வந்தபோது, ஷரீஃபுன்னிசா அவரைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"வாடையா? இந்த தாராவியில எந்த வாடைம்மா தனியாத் தெரியும்?"

"எனக்குத் தெரியும் டாக்டர் சாப். அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டுட்டேன்."

டாக்டர் மூன்றாம் வகுப்பு முழுவதையும் வராந்தாவில் நிறுத்தி, அவளையே மோந்து பார்க்கச் சொன்னார்.

நாற்பது பிள்ளைகள் வாயைத் திறந்தபடி நின்றார்கள். ஒரு சத்தமில்லை. ஷரீஃபுன்னிசா ஒவ்வொரு முகத்துக்கும் குனிந்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்துக்கொண்டே நடந்தாள். பாதி வரிசை தாண்டியதும் நின்றுவிட்டாள். கண்ணைத் திறந்தபோது எதிரே செல்லக்கனி. பக்கத்துச் சந்துப் பூமாரியின் மகள். காய்ச்சல் இல்லை, சோர்வு இல்லை. மூக்கு மட்டும் லேசாக ஒழுகிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"இவதான்" என்றாள் ஷரீஃபுன்னிசா.

டாக்டர் பஞ்சு சுற்றிய குச்சியால் செல்லக்கனியின் தொண்டையைத் தடவி, சோதனைக்கு அனுப்பினார். ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. அதற்குள் செய்தி சந்தெல்லாம் பரவிவிட்டது. ஆயா மோந்தால் பிள்ளைக்குச் சீக்கு வரும். அகிலாண்டத்தையும் அவள்தான் மோந்தாள். அவள் நடந்தால் பெண்கள் பிள்ளைகளின் முகத்தைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்கள். குழாயடியில் விளையாடும் பிள்ளைகள் அவளைக் கண்டதும் மூக்கையும் வாயையும் பொத்தி, அவள் தாண்டிப் போகும்வரை மூச்சுவிடாமல் நின்றார்கள்.

பூமாரி பள்ளி வாசலுக்கே வந்துவிட்டாள்.

"அக்கா, ஒங்க கால்ல விழுதேன். எம் பிள்ள கிட்ட போவாதீய. அவ நல்லாத்தானே இருக்கா, ஓடுதா, திங்குதா. காலிபீலி, ஒரு காரணமுமில்லாம, அவ மேல எதுக்கு இத ஏவி விடுதீய?"

"நான் ஏவல பூமாரி. எனக்கு வாடை அடிச்சுது, அவ்வளவுதான்."

"அதத்தான் சொல்லுதேன்" என்றாள் பூமாரி.

அடுத்த வாரம் செல்லக்கனியின் பெஞ்சில், அவளுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, ஒரே நாளில் தொண்டை வீங்கிப் படுத்தார்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போட்டதால் இருவரும் பிழைத்தார்கள். நடுவில் இருந்தவளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அகிலாண்டமும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள் என்று அன்றுதான் டாக்டருக்குத் தெரிந்தது. அவர் குச்சியைச் செல்லக்கனியின் மூக்குக்குள் விட்டு எடுத்தார். இந்த முறை கிருமி இருந்தது. தான் படுக்காமலே அதைச் சுமந்து திரிந்திருக்கிறது பிள்ளை.

ஆம்புலன்ஸ் வந்தது. பூமாரி தடுக்கவில்லை, பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் ஷரீஃபுன்னிசா கதவைத் திறந்தபோது, தாயும் மகளும் வெளியே நின்றார்கள்.

"கிருமி போயிட்டுன்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாக. வீட்டுல கைப்பிள்ள இருக்கு. நீங்க ஒரு தரம் பாத்துச் சொல்லுங்கக்கா."

அவள் குனிந்தாள். சோப்பும் தேங்காய் எண்ணெயும்தான் மணத்தன.

"ஒண்ணுமில்ல. கூட்டிட்டுப் போ."

மறுநாள் ஐந்து பெண்கள் பிள்ளைகளோடு வந்தார்கள். அதற்கும் மறுநாள் சந்து முனைவரை நின்றார்கள். பிள்ளைகள் தாமாகவே வாயைத் திறந்து வைத்திருந்தார்கள். டிசம்பரில் ஒருநாள் அவளுக்கு ஜலதோஷம். "இன்னைக்கு ஒண்ணும் தெரியல" என்றாள். வாடை வந்ததை ஆயா மறைக்கிறாள் என்று முதலில் நின்ற பெண் எடுத்துக்கொண்டு, பிள்ளையைக் கட்டிப்பிடித்து அங்கேயே உட்கார்ந்து அழுதாள். எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை.

அன்றே ஷரீஃபுன்னிசா டாக்டரிடம் போனாள். "என் மூக்க நம்பி இத்தன பிள்ளைய நிறுத்தி வைக்க என்னால ஆவாது டாக்டர் சாப். நோய் வராம தடுக்க ஊசி இருக்குன்னீங்களே. அதப் போடுங்க. நான் வீடு வீடா வாரேன்."

ஜனவரியில் ஊசி வந்தது. ஊசிக்காரர்களைக் கண்டால் கதவைச் சாத்துகிற சந்துகள் அவை. ஷரீஃபுன்னிசா முன்னால் போய் நின்றால் திறந்தார்கள். சிலர் மரியாதையில் திறந்தார்கள், பலர் பயத்தில். எதனால் என்று அவள் கேட்கவில்லை; பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதன்பின் அந்தப் பள்ளியில் அவள் ஒன்பது வருஷம் இருந்தாள். தொண்டை அடைப்பானில் இன்னொரு பிள்ளை போகவில்லை. ஆனால் அந்த வாடை மறுபடி வந்துவிடுமோ என்ற பயத்தில், பிள்ளைகள் இருக்கிற அறையில் அவள் ஒருநாளும் முழு மூச்சு இழுத்ததில்லை என்று, வேலையை விட்ட பிறகுதான் பூமாரியிடம் சொன்னாள்.