பத்து வீட்டுக்குப் பத்து செட்டு

கடையைப் பாதியில் பூட்டிவிட்டு ஓடியது என் இத்தனை வருஷ சர்வீஸில் ஒரே ஒரு தடவைதான். நானே கொடுத்தனுப்பிய ஒரு மாத்திரை அன்றைக்கு என்னை உட்காரவிடவில்லை.

கொல்லிமலை மேல், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்த மெடிக்கலில் நான் பார்மசிஸ்ட். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து தினமும் பஸ்ஸில் வளைவுகளில் சுற்றி ஏறி வந்துதான் கடை திறப்பேன். அதிகம் போனது 'காய்ச்சல் செட்டு'. காய்ச்சல் மாத்திரை, சளி மாத்திரை, ஒரு ஆன்டிபயாடிக், ஒரு சத்து மாத்திரை. எல்லாம் கத்தரித்து ஒரு காகிதக் கவரில். டாக்டர் சீட்டெல்லாம் கேட்பதில்லை. சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது என்று படித்தவள்தான் நான். ஆனாலும் போட்டேன். மூன்றாம் நாள் காய்ச்சல் தானாகவே விடும், நல்ல பேர் செட்டுக்குப் போகும். "உங்க மாத்திர கைகண்ட மருந்துங்க" என்பார்கள். எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்துவிடும்.

மலையிலேயே உள்ளே தள்ளியிருக்கும் ஆலத்தூர் நாட்டுப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. யார் பஸ் ஏறினாலும் ஊருக்கே மருந்து வாங்கிப் போவார்கள். மிளகு பறிக்கிற சமயம், ஒருநாள் காலையில் செல்லம்மா வந்தார்.

"பத்து செட்டு குடுங்க அம்மணி."

"யாருக்குங்க காய்ச்சல்?"

"பத்து ஊட்லயும்தானுங்க. சளியும் காச்சலும் ஒருத்தரையும் உடல."

கட்டிக் கொடுத்தேன். பஸ் ஹாரன் அடித்தது. ஓடிக்கொண்டே திரும்பிச் சொன்னார்: "எங்கூட்டுக்காரரு மத்தியானம் மொளகு பறிக்கக் கூலிக்கு மரம் ஏறோணுமுங்க, அதான் அவசரம்!"

பஸ் போன பிறகுதான் உறைத்தது. அந்தச் சளி மாத்திரை தூக்கம் வரவைக்கும். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அங்கே டவரும் கிடையாது. நாமக்கல்லில் இருந்த ஓனருக்குப் போன் போட்டேன்.

"ஏம்மா, எல்லாரும் போடற மாத்திரதான? பேசாம உக்காருங்க."

உட்கார்ந்தேன், எழுந்தேன். ஒருவருக்கு இருமல் மருந்துக்குப் பதிலாக வயிற்று மருந்தை நீட்டினேன். ஒரு மணி நேரம் தவித்துவிட்டு, பக்கத்து டீக்கடைக்காரரின் வண்டியை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம்; செல்லம்மாவின் கணவர் சின்னராசு மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தின் உச்சியில் இருந்தார். ஏணி என்பது கால் வைக்கக் கணுக்கட்டை விட்டு வெட்டிய ஒற்றை மூங்கில்தான். கத்தினால் பதறிவிடுவாரே என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

"ஏனுங்க, மெடிக்கல் அம்மணி வந்திருக்காங்க. மெல்ல எறங்குங்க" என்றார் கீழே நின்ற செல்லம்மா.

ஒவ்வொரு கணுவுக்கும் அவர் கால் தேடித் தேடி வந்தது. தரையில் அவர் பாதம் பட்ட பிறகுதான் நான் மூச்சு விட்டேன்.

"காய்ச்சலோட ஏனுங்க ஏறுனீங்க?"

"காலைல முடியாதுன்னுதானுங்க படுத்திருந்தேன். மாத்திர போட்டாச்சே, இன்னும் என்ன படுக்கைன்னு ஏறிட்டேன்."

நான் மாத்திரையைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்கும்போதே மிளகுச் சாக்கில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார். எனக்கு அழுகை வந்தது. கோபம் முழுக்க என் மேல்தான்.

மற்ற ஒன்பது வீட்டுக்கும் ஏறி இறங்கி, காய்ச்சல் மாத்திரையை மட்டும் விட்டு மற்றதைத் திரும்ப வாங்கினேன். மூச்சு வாங்கினாலோ, மூன்று நாளில் காய்ச்சல் விடாவிட்டாலோ ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். "குடுத்ததப் புடுங்கற மெடிக்கல இங்கதான் பாக்கறேன்" என்று ஒரு அம்மா திட்டினார். திட்டையும் வாங்கிக்கொண்டேன்.

அதுவரை இவர்களுக்கு விவரம் போதாது என்றே நினைத்திருந்தேன். விவரம் போதாதவள் நான். படுத்துக்கொள்ள ஒருநாள் கிடைக்காதவர்கள்தான் செட்டு வாங்குகிறார்கள். புதிதாக மெடிக்கல் கவுண்டரில் வேலைக்கு வருகிறவர்கள், என்ன காய்ச்சல் என்பதோடு நாளைக்கு என்ன வேலை என்றும் கேளுங்கள்.

அடுத்த மிளகுப் பறிப்பின்போது சின்னராசு காய்ச்சலோடு கடைக்கு வந்தார். காய்ச்சல் மாத்திரை மட்டும் கத்தரித்து, கவரோடு கவுண்டர் மேல் வைத்தேன். போகாமல் நின்றார்.

"ரெண்டு நாளு மரம் ஏறக்கூடாதுன்னு அந்தக் கவரு மேல எழுதிக் குடுங்க அம்மணி. நாஞ் சொன்னா மரத்துக்காரரு நம்ப மாட்டாருங்க."

எழுதினேன். "சீலு?" என்றார். கடை சீலையும் குத்தினேன்.

கவரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். மாத்திரை கவுண்டர் மேலேயே கிடந்தது. நான்தான் கூப்பிட்டுக் கொடுத்தேன்.