வைத்தியக்காரியின் சம்மதம்

நான் ஆறாம் வகுப்புப் படித்த வருடம் எங்கள் வீட்டில் எல்லோரும் சித்தியைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். நானும் சித்தியும் மட்டும் செத்துப்போன ஒரு வைத்தியக்காரியைப் பற்றிக் கவலைப்பட்டோம்.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த வீட்டில் வாக்கப்பட்டவள், ஒருநாள் ஒற்றைப் பையோடு சிம்மக்கல்லில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். ஏன் வந்தாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வீட்டில் அவள் குரலே கேட்காது. எதைக் கேட்டாலும் ‘ம்’ என்பாள், அதோடு சரி. வேலைக்கு மனுப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டுச் சாயங்காலங்களில் பழக்கடை மாடியில் இருந்த பிரௌசிங் சென்டருக்குப் போவாள். அவளைத் தனியாக அனுப்பப் பயந்துகொண்டு துணைக்கு என்னை அனுப்பினார்கள். அந்தப் புத்திசாலித்தனத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

மனுப் போடுவது சட்டென்று முடிந்துவிடும். அதன்பிறகு சித்தி ஒரு படக்கதையைத் திறப்பாள். வெளிநாட்டில் யாரோ வரைந்து வாராவாரம் இணையத்தில் போடுவது. வாள்காரன், திருடன், மந்திரக்காரி, வைத்தியக்காரி என்று ஒரு கூட்டம் காடு மலையெல்லாம் அலையும். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, கதை சொல்லி ஆடுகிற விளையாட்டு ஒன்று அங்கே உண்டாம். அந்த விளையாட்டின் சட்டம்தான் இந்தக் கதைக்குள் இருப்பவர்களுக்கும் சட்டம். சுவர் ஏறுவதா, பொய் சொல்லித் தப்பிப்பதா, எதற்கும் இருபது முகம் கொண்ட பகடையை உருட்ட வேண்டும்.

ஒருநாள் வைத்தியக்காரி கயிற்றுப் பாலத்தைக் கடக்கும்போது பகடையில் ஒன்று விழுந்தது. நான் தாயம் என்று கையைத் தட்டிவிட்டேன். நமக்கு ஒன்று விழுந்தால்தானே காயே உள்ளே இறங்கும்? பக்கத்துத் தடுப்பில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தவர் திரையை விலக்கிப் பார்த்தார். சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இங்க தாயம் விழுந்தா அம்புட்டுத்தான் பாப்பா.”

அடுத்த படத்தில் வைத்தியக்காரி செத்துக் கிடந்தாள்.

எனக்கு அழுகை முட்டியது. ஆனால் நான் வாயைப் பிளந்தது அதன்பிறகு சித்தி திறந்து காட்டிய பக்கத்தைப் பார்த்துத்தான். படக்கதையைப் படிக்கிறவர்கள் அங்கே கூடி வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கொருவர் முகம் தெரியாது, ஊர் தெரியாது. கோர்ட்டில் வக்கீல் பேசுகிற மாதிரி விளையாட்டின் சட்டப் புத்தகத்தைக் காட்டிக் காட்டிப் பேசினார்கள். மந்திரக்காரியால் அவளுக்கு உயிர் கொடுக்க முடியும், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் செத்தவளுக்குத் திரும்பி வரச் சம்மதம் இருக்க வேண்டும். எப்பேர்ப்பட்ட மந்திரவாதி கூப்பிட்டாலும் அவள் மனமில்லாமல் இழுத்துவர முடியாது. அவளுக்குச் சம்மதமா இல்லையா என்பதுதான் வாரக்கணக்கில் வழக்கு. ஒரு பொம்பளையின் மனசில் என்ன இருக்கும் என்று ஊர் உலகமே தூங்காமல் யோசிக்கிறதே என்று எனக்கு மலைப்பாக இருந்தது. அதுவும் அவள் வெறும் படம்.

அதைவிட மலைப்பு, அந்தக் கூட்டத்தில் சித்திக்கு இருந்த மரியாதை. அவள் தட்டுகிற வேகத்தில் விசைப்பலகை ஆடும். சட்டத்தில் சந்தேகம் வந்தால் அவளிடம்தான் கேட்டார்கள். உயிர் கிடைத்தால் யார்தான் வேண்டாமென்பார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குப் பதில் எழுதிவிட்டு, என் காதில் தமிழில் சொன்னாள்.

“எந்த வாழ்க்கைக்குத் திரும்பிப் போறோம்னு அவ பாக்க வேணாமா?”

அந்த ஞாயிற்றுக்கிழமை சோழவந்தானிலிருந்து சித்தப்பா வந்தார். கூடவே அவருடைய அண்ணனும் உறவுக்காரர்களும். தாம்பாளத்தில் பழம், கொடிக்காலில் கிள்ளிய வெற்றிலைக் கட்டு. சித்தப்பா தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க, அவர் அண்ணன்தான் பேசினார்.

“நடந்தது நடந்து போச்சு. பிள்ளையக் கூப்பிட வந்துருக்கோம்.”

அம்மாவின் அண்ணனான மாமாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “கூப்பிட வந்தாச்சுல்ல, பெறகென்ன? நாள் பாத்து அனுப்பிருவோம்.”

அடுப்படி வாசலில் நின்ற சித்தி முணுமுணுத்தாள். “என்னைய ஒரு வார்த்த கேக்கலையேண்ணே.”

“ஒன்னயக் கேக்க என்னம்மா இருக்கு? கூப்பிட்டா வர வேண்டியதுதான.”

எனக்குப் பொறுக்கவில்லை. சட்டம் தெரியாமல் பெரியவர்கள் இப்படிப் பேசலாமா?

“அப்பிடியெல்லாம் முடியாது மாமா. எம்புட்டுப் பெரிய ஆளு கூப்பிட்டாலும் செத்தவ சம்மதிக்கணும். அதான் சட்டம்.”

பழத்தட்டை நடுவில் வைத்து நல்ல காரியம் பேசுகிற இடத்தில் செத்தவ என்று சொன்னால் என்ன கிடைக்கும்? வாயைக் கழுவுடி என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சித்தி நடுக்கூடத்துக்கு வந்து நின்றாள்.

“அவ சொன்னது சரிதாண்ணே. எனக்குச் சம்மதமில்ல. நான் போகல.”

இத்தனை வார்த்தைகளை அவள் சேர்ந்தாற்போல் பேசி எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. கம்ப்யூட்டருக்கு முன்னால் மட்டும் நான் பார்த்திருந்த சித்தி கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். வந்தவர்கள் காபி குடிக்காமலேயே எழுந்து போனார்கள்.

அவர்கள் தெரு முனையைத் தாண்டுவதற்குள் நான் விக்கி விக்கி அழ ஆரம்பித்தேன். சித்திக்காக அழுதேன் என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்கிறார்கள். சித்தி என்னை மடியில் இழுத்துப் போட்டு முதுகைத் தடவினாள்.

“ரொம்ப வலிக்குதா பாப்பா?”

“ஒனக்கே சம்மதமில்லன்னா வைத்தியக்காரியும் வரமாட்டாளா சித்தி?”

தடவிய கை நின்றது.

“அவளக் கூப்பிடுறது அவ கூட்டாளிங்கடி. அவ மேல உசிரையே வச்சிருக்கவங்க. அவ வந்துருவா.”

எனக்கு நிம்மதியாகிவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டேன். அப்படியானால் சித்தியைக் கூப்பிட வந்தவர்கள் யார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.