வாளியைத் தொடலாம் என்ற உத்தரவு

மலாய் நாட்டில் என் குடியிருப்புச் சீட்டைப் புதுப்பிக்கப் போகும் ஒவ்வொரு முறையும் சுடலைவடிவு ஞாபகத்துக்கு வருகிறாள். ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் நடவுக் கூலி. என் தகப்பனார் அருமைநாயகம் தாலுகா கச்சேரி வாசலில் மனு எழுதிப் பிழைத்தவர். 1912 மாசியில் அவரிடம் வந்தாள்.

கோடையில் கால்வாயை அடைத்துவிட்டால் அவள் ஊருக்குத் தாலுகா போர்டு வெட்டிய பொதுக்கிணறு ஒன்றுதான். சேரிக்காரர் வாளியைத் தொடக்கூடாது. குடத்தை வைத்துவிட்டு எட்ட நிற்க வேண்டும். மனம் வந்தவர்கள் ஊற்றுவார்கள். முந்தின கோடையில் மகள் இசக்கி காய்ச்சலில் கிடந்தபோது உச்சிவரை நின்றாள். யாருக்கும் மனம் வரவில்லை. பிள்ளை அன்று சாயங்காலம் போய்விட்டது.

“நானே இறைச்சுக்கிடணும். அதை எழுதுங்க அய்யா.”

“கருணைகூர்ந்து அனுமதிக்கும்படின்னு போடுதேன்.”

“கருணை எதுக்கு? மழை எங்க தெருவுக்குத் தயவு பண்ணியா பெய்யுது? தாகம் பொறக்கும்போதே கூட வந்ததுல்லா.”

அப்பா சிரித்தார். “ஏட்டி, மிஷன் பள்ளிக்கூடத்துல இதைத்தான் எங்க வாத்தியார் துரை ஒரு வருஷம் பூரா நடத்தினாரு. நீ ஒரு மூச்சுல முடிச்சிட்டியே.”

“அப்போ அவரு சொன்னபடியே எழுதுங்க.”

சரி என்றார். ஆனால் அப்படி எழுதவில்லை. உரிமை என்று தொடங்கும் மனுவை அந்தக் கச்சேரியில் யாரும் இரண்டாம் வரிக்கு மேல் படித்ததில்லை. ‘ஏழை அடிமை துரையவர்களின் கருணையை நாடி’ என்று முடித்தார். எழுத்தறியாத அவள் பெருவிரலை மையில் தொட்டு ஒற்றினாள்.

பங்குனியில் உத்தரவு வந்தது. இரக்கத்தின்பேரில், மறு உத்தரவு வரும்வரை, வாளியைத் தொடலாம். இரண்டு கோடை அவளே இறைத்தாள். மூன்றாம் கோடைக்குள் அதிகாரி மாறினார்; ஊர்ப் பெரியவர்கள் ஒரு மனு கொடுத்தார்கள்; காட்டிய இரக்கம் ஒரே வரியில் ரத்தாயிற்று.

“எனக்குள்ளதை எப்படிய்யா திருப்பி எடுப்பாவ?”

அப்பா தான் எழுதியதைச் சொன்னார். அவள் தன் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ நான் ரேகை வச்சது பிச்சைக்கா?”

“கிடைக்கணும்னுதான் எழுதினேன்.”

“கிடைச்சுதுல்லா,” என்றாள்.

அன்றே வேறு மனு எழுதினார், தமிழ், இங்கிலீஷ் இரண்டு பாஷையிலும், உரிமை என்ற சொல்லோடு. பதில் இல்லை. அதன்பின் எழுதிய மூன்றுக்கும் இல்லை.

1918 விஷக்காய்ச்சலில் சாகும்வரை, கோடை வந்தால் குடத்தை வைத்துவிட்டு அவள் எட்ட நின்றாள். ஊற்றியவர்களை ஒருநாளும் கும்பிடவில்லையாம். அதனால் அவள் குடத்துக்குக் கடைசியில்தான் ஊற்றினார்கள், சில நாள் அதுவும் இல்லை.