சாவிகளை வேறொருவர் ஏலம் எடுத்தார்

நாங்கள் போனது ஊஞ்சல் பலகை வாங்கத்தான். ஸ்ரீபெரும்புதூரில் நாங்கள் கட்டிய வீட்டின் கூடத்தில் கொக்கிகள் மட்டும் வெகுநாளாகக் கூரையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தன. கடையில் விற்கும் பளபளப்பான பலகை எதுவும் என் கணவருக்குப் பிடிக்கவில்லை. அவர் வேலை பார்க்கும் வங்கிக்கு வந்த ஒருவர், மண்ணூர் பக்கம் ஒரு கிடங்கில் பழம்பொருட்களை ஏலம் விடுகிறார்கள், பர்மா தேக்கு ஊஞ்சல்கூட இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை டிபனை முடித்துக்கொண்டு கிளம்பினோம்.

நெடுஞ்சாலையோரம் ஓர் உணவகம் கட்டி, சாப்பிட வருகிறவர்கள் வேடிக்கை பார்ப்பதற்காகச் சுற்றிலும் பழைய சாமான்களை வைக்க நினைத்த ஒருவர் ஊர் ஊராகப் போய் வாங்கிச் சேர்த்தவை அவை. உணவகம் எழும்பவேயில்லை. அவர் காலமான பிறகு, கிடங்கை ஒரு கம்பெனிக்கு வாடகைக்கு விட முடிவு செய்த பிள்ளைகள் உள்ளே இருந்ததையெல்லாம் ஏலத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். தகரக் கூரையின் கீழ் ஊசல் கடிகாரங்கள், வால்வு ரேடியோக்கள், எனாமல் விளம்பரப் பலகைகள், பல் மருத்துவரின் நாற்காலி ஒன்று, பித்தளை அண்டாக்கள், டயல் சுழற்றும் கறுப்பு டெலிபோன்கள் எல்லாம் எண் ஒட்டி வரிசையாக இருந்தன. சென்னையிலிருந்தும் காரைக்குடியிலிருந்தும் வந்த வியாபாரிகள் டார்ச் அடித்து மரத்தின் அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களிடமும் ஓர் எண் அட்டையைக் கொடுத்து, வேண்டும்போது தூக்கினால் போதும் என்றார்கள்.

ஊஞ்சலைப் பார்த்ததும் என் கணவர் அதன் பக்கத்திலேயே நின்றுவிட்டார். நான் மட்டும் சுற்றி வந்தேன். எனக்கு ஒரகடத்தில் வேலை. கார் உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவு. நாள் முழுவதும் எதையாவது கையில் எடுத்து, திருப்பி, அளந்து பார்த்துக்கொண்டே இருப்பவளுக்கு, 'தொடாதீர்கள்' என்று யாரும் சொல்லாத இடம் கிடைத்தால் கை சும்மா இருக்குமா?

ஒரு மேசையின் ஓரத்தில், தோல் உறையில் போட்டிருந்த அந்தச் சாமான் கிடைத்தது. தோளில் மாட்டிக்கொள்ள நீளமான வார். உறைக்குள் உருண்டையான, கனத்த பித்தளைப் பெட்டி. முகப்பில் கண்ணாடிக்குள் நின்றுபோன ஒரு சிறிய கடிகாரம். அதற்குக் கீழே ஒரு சாவித் துளை, தூசி போகாமல் மூட அதற்கு ஒரு குட்டிப் பித்தளைத் தகடு. விளிம்பில் இன்னொரு துளை, அது சின்னது. பெட்டி பூட்டியிருந்தது.

கடிகாரம் என்றால் சுவரில் இருக்கும், மேசையில் இருக்கும், கையில் இருக்கும். இவ்வளவு கனமான ஒன்றை யார் தோளில் சுமந்தார்கள்? எங்கே போனார்கள்? அங்கே நின்றிருந்த ஏலக்காரர்களின் ஆளைக் கேட்டேன்.

"ரயில்வேக்காரங்க கடிகாரமா இருக்கும் மேடம். இல்லாங்காட்டி கப்பல்ல வந்துருக்கும். பித்தளை, நல்ல வெயிட்டு கீது."

அதாவது அவருக்கும் தெரியாது.

ஏலம் தொடங்கியதும் ஊஞ்சல்தான் முதலில் போனது. ஒரு விடுதிக்காரர் கையில் அட்டையைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தார், கீழே இறக்கவேயில்லை. எங்களால் முடியாத உயரத்துக்குப் போய்விட்டது. என் கணவர் எழுந்து, "வா, போலாம்" என்றார். "இருங்க, ஒண்ணே ஒண்ணு" என்றேன். அந்த வட்டச் சாமானைத் தூக்கிக் காட்டியபோது சென்னை வியாபாரி ஒருவர் கேட்டார், நானும் கேட்டேன். அவர் ஏற்றினார், நானும் ஏற்றினேன். என் வாழ்க்கையில் முதல்முறையாகக் காது சூடாவதை உணர்ந்தேன். "ஒரு தரம், ரெண்டு தரம்..." என்று ஏலம் விடுபவர் இழுத்தபோது, அந்த வியாபாரி திரும்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே அட்டையை மடியில் வைத்துவிட்டார்.

"மூணு தரம்!"

"இன்னா இது, டிபன் பாக்ஸா?" என்றார் என் கணவர்.

அதற்குப் பிறகு ஒரு பிஸ்கட் டின் நிறையச் சாவிகள் வந்தன. ஒருவரும் அசையவில்லை. "பூட்டைத் தொலைச்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று ஏலம் விடுபவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரே ஓர் அட்டை உயர்ந்தது. முப்பது வயதிருக்கும் ஓர் ஆள், கம்பெனிச் சீருடையோடு, இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்திருக்கிறார் என்று கண்களே சொல்லின.

பொருட்களை வாங்கும் இடத்தில் அவர் எனக்கு முன்னால் நின்றிருந்தார். டின்னைத் திறந்து ஒரு சாவியை வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். சில சாவிகளில் ஒரு சாண் நீளத்துக்குச் சங்கிலி.

"இவ்ளோ சாவிய வெச்சிகினு என்ன பண்ணுவீங்க தம்பி?" என்று கேட்டேன்.

"நான் பழைய பூட்டு சேக்கேன் அக்கா. தூத்துக்குடிப் பக்கம் நமக்கு. இதப் பாத்தியளா, சாவிக்குப் பல்லே கெடையாது. இது எந்தப் பூட்டையும் தெறக்காது. பெறவு எதுக்குடா செஞ்சான்னு ஒரு இதுல வாங்கிட்டேன்."

அதற்குள் அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நானும் என் பொருளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுவாரம் கடைத்தெருவில் கடிகாரம் பழுது பார்க்கும் ஒருவரிடம் காட்டினேன். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு துளைக்குள் எட்டிப் பார்த்தார். "இது சாவி குடுக்குற ஓட்டை இல்லமா. சாவி குடுக்கணும்னா மூடியத் தொறக்கணும். ஒடச்சித்தான் தொறக்கணும், நான் ஒடைக்க மாட்டேன்" என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு அது எங்கள் அலமாரியில் உட்கார்ந்தது. வருகிறவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். மாமனார் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "கோயில்ல பூஜை நேரம் பாக்க வெச்சிருப்பாங்களோ" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் வெடிகுண்டு என்றார்.

விடை என் கம்பெனியிலேயே இருந்தது. ஒருநாள் மதியச் சாப்பாடு முடிந்து வந்துகொண்டிருந்தபோது, செக்யூரிட்டி ஒருவர் சுவரில் பதித்திருந்த வட்டப் பொத்தான் ஒன்றின் மேல் கைக்கருவியை வைத்து எடுத்தார். அது 'பீப்' என்றது. தினமும் பார்க்கிற காட்சிதான். அன்றைக்கு ஏனோ நின்று கேட்டேன்.

"இது பேட்ரோல் டேக் மேடம். இத்தத் தொட்டாத்தான் நான் இங்க வந்தேன்னு சிஸ்டத்துல ஏறும். ஒரு எடம் உட்டாலும் சூப்பர்வைசர் போன் பண்ணிடுவாரு."

அவர் அடுத்த சுவரை நோக்கி நடந்தார். நான் அப்படியே நின்றுவிட்டேன். தோளில் மாட்டும் வார். நடந்துகொண்டே இருக்கிற ஓர் ஆள். பிறகு அந்தச் சங்கிலிகள்! சாவியை எதற்குச் சங்கிலியில் கட்டுவார்கள்? யாரும் எடுத்துக்கொண்டு போகாமல் சுவரோடு சுவராக இருக்கத்தான். பூட்டு ஓரிடத்தில் இருக்க, நாம்தான் சாவியைக் கொண்டுபோவோம். இது தலைகீழ். சாவிகள் கட்டடத்தின் மூலைகளில் தொங்கியிருக்க வேண்டும், பூட்டு காவலாளியின் தோளில் நடந்திருக்க வேண்டும்.

உடனே ஏலக்காரர்களுக்குப் போன் செய்தேன். வாங்கியவர் எண்ணைத் தர மாட்டோம், உங்கள் எண்ணை அவரிடம் கொடுக்கிறோம் என்றார்கள். ரொம்ப நாள் கழித்து ஒரு டீ இடைவேளையில் அழைப்பு வந்தது.

"அக்கா, சாவி விக்கதுக்கு இல்ல" என்றுதான் அவர் பேச்சையே ஆரம்பித்தார்.

"விக்க வேணாம் தம்பி. உங்க சாவி என் கடிகாரத்துல போகுதான்னு மட்டும் பாக்கணும்."

"என்னக்கா சொல்லுதிய?" என்றார். குரலே மாறிவிட்டிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் கணவரும் ஒரகடத்தில் அவர் அறைக்குப் போனோம். அவரோடு தங்கியிருந்தவர்கள் ஷிப்ட் முடித்துப் போர்வைக்குள் கிடந்தார்கள். அதனால் நானும் அந்தத் தம்பியும் மாடிப்படியில் உட்கார்ந்தோம். டின்னை மடியில் வைத்துக்கொண்டு, எண்கள் வெட்டியிருந்த சங்கிலிச் சாவிகளைப் பொறுக்கி எடுத்தார். பல் இருக்க வேண்டிய இடத்தில், கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பிய எழுத்தாக ஓர் எண் புடைத்திருந்தது. ஒன்று என்று போட்ட சாவியை என்னிடம் நீட்டினார். "கடியாரம் ஒங்களுது. நீங்களே போடுங்க."

பித்தளைத் தகட்டை விலக்கிச் சாவியைச் செருகினேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. திருப்பினேன். உள்ளே ஏதோ ஒன்று 'தக்' என்று அழுந்தியது. என் கணவர் அதுவரை வராந்தாக் கம்பியில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர், படியில் இறங்கி வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க மூடியைத் திறக்க வேண்டும். விளிம்பிலிருந்த சின்னத் துளைக்கான சாவி டின்னில் இல்லை.

"ஒடைக்கப்பிடாது" என்றார் அவர். "அரம் போட்டு நானே ஒரு சாவி செஞ்சிருவேன். ஆனா எங்கிட்ட விட்டுட்டுப் போணும். நம்பிக்கை இல்லன்னா வேண்டாம் அக்கா, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

எங்கள் வீட்டு முகவரியைக் கொடுத்து, கடிகாரத்தை விட்டுவிட்டு வந்தேன். வண்டியில் வரும்போது தோள் லேசாக இருந்தது, மனசு அப்படி இல்லை. அந்த வாரம் பேசாமல் இருந்தேன். அடுத்த வாரம் போன் செய்தேன், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அதற்கடுத்த நாளும் அதேதான். "ரூம்ல போய்ப் பாக்கலாமா?" என்று கணவர் கேட்டார். வேண்டாம் என்றேன். போய், அறை காலியாக இருந்துவிட்டால்? அந்தக் கடிகாரம் போவது ஒரு பக்கம். நான் தப்பாக ஓர் ஆளை எடை போட்டுவிட்டேன் என்பதைத் தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் இல்லை.

ஒரு ஞாயிறு காலை வாசலில் பைக் சத்தம். தோளில் அந்தத் தோல் வார் குறுக்காகத் தொங்க, அவரேதான் நின்றுகொண்டிருந்தார்.

"ஊர்ல அம்மன் கோயில் கொட விழா அக்கா. போன இடத்துல போனு தண்ணித் தொட்டிக்குள்ள விழுந்துட்டு. நீங்க என்ன நெனச்சியளோன்னு எனக்கு ஒறக்கமே இல்ல."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, உள்ள வாங்க" என்றேன், முகத்தைச் சமையலறைப் பக்கம் திருப்பிக்கொண்டு.

அவர் செய்த சாவி பித்தளையில் பளிச்சென்று இருந்தது. மூடி திறந்தது. உள்ளே கடிகாரத்தோடு சேர்ந்து மெதுவாகச் சுற்றும் ஒரு தட்டு. எந்த நேரத்தில் எந்த எண் சாவி போடப்பட்டது என்று பதிய, தட்டின் மேல் பொருத்த வேண்டிய காகித வட்டம் மட்டும் இல்லை. நான் அளவெடுத்து, வெள்ளைத் தாளில் வட்டம் வெட்டி, விளிம்பில் மணிக் கோடுகள் போட்டுப் பொருத்தினேன். அவர் உள்ளே இருந்த திருகைச் சுற்றிக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். கொஞ்சம் தயங்கிவிட்டு அது ஓடத் தொடங்கியது. மாமனார் காதருகே வைத்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

சாவிகளை வீடு முழுவதும் மாட்டினோம். கேட்டில் ஒன்று, சமையலறையில் ஒன்று, மோட்டார் ஸ்விட்ச் அருகே ஒன்று, பூஜை அறைக் கதவில், மொட்டை மாடியில். என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டி, வாரைத் தோளில் போட்டுக்கொண்டு ரோந்து புறப்பட்டார். நாங்கள் மூவரும் கூடத்தில் காத்திருந்தோம். மாடியிலிருந்து இறங்கி வந்ததும் மூடியைத் திறந்து தாளை எடுத்தேன். மையில்லாமல் புடைத்த எண்கள். விரலால் தடவினால் தெரிந்தன. ஒன்று. இரண்டு. பிறகு ஒரு பெரிய இடைவெளி. அதற்கப்புறம் மற்றவை நெருக்கமாக.

"ரெண்டாம் நம்பர் சமையலறைதான? அங்க இவ்ளோ நேரம் என்ன பண்ணீங்க?"

"வடை சூடா இருந்துது" என்றார்.

தூத்துக்குடிக்காரர் சிரித்த சிரிப்பில் தண்ணீர் புரையேறிவிட்டது. அந்தச் சாமானின் வேலை என்னவென்று அந்த நொடியில் எல்லோருக்கும் முழுசாகப் புரிந்தது.

சாவிகளில் நாலாம் எண் மட்டும் இல்லை. டின்னைக் கொட்டிப் பார்த்தும் கிடைக்கவில்லை. அது எந்த ஊர் ஆலை, அல்லது எந்தத் துறைமுகக் கிடங்கு, அங்கே நாலாம் மூலை எது, அந்தச் சாவி இன்னும் ஏதாவது சுவரில் தொங்குகிறதா என்று சாப்பிட்டபடியே பேசினோம். "நாலாம் நம்பர் எடத்துல ஒருத்தர் பாய் போட்டுத் தூங்கினு இருந்திருப்பாரு. அதான் சாவியப் புடுங்கிப் போட்டுட்டாரு" என்றார் என் கணவர்.

கிளம்பும்போது தூத்துக்குடிக்காரர் சங்கிலிச் சாவிகளைக் கழற்றவில்லை. "இங்கேயே இருக்கட்டும் அக்கா. இத ரெண்டையும் இனிமே பிரிக்கது பாவம். நான் எப்பவாச்சும் வந்து பாத்துக்கிடுதேன்."

என்ன தருவது என்று கேட்டேன். கையை வேகமாக ஆட்டி மறுத்துவிட்டார். அப்போது என் மாமனார், "பூட்டு சேக்கிறியாப்பா?" என்று கேட்டுவிட்டு, ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறச் சொல்லி என் கணவரை ஏவினார். பழைய வீட்டு வாசல் கதவிலிருந்து கழற்றிய இரும்புப் பூட்டு ஒன்று சாக்கில் சுற்றிக் கிடந்தது. பூட்டியபடியே இருந்தது. சாவி எப்போதோ தொலைந்துவிட்டது. பூட்டைக் கையில் வாங்கியவர் அதைக் குலுக்கினார், முகர்ந்தார், துளைக்குள் ஊதினார். எங்களிடம் சரியாக விடைபெறக்கூட மறந்து பைக்கை நோக்கி நடந்தார்.

சில வாரங்கள் கழித்து, வேலை நேரத்தில் புதிய எண்ணிலிருந்து அழைப்பு. வெளியே வந்து எடுத்தேன்.

"அக்கா, பேசாதிய. கேளுங்க."

போனை எதன் அருகிலோ பிடித்திருக்கிறார். தூரத்தில் லாரிகளின் ஹாரன். பிறகு உலோகம் உலோகத்தின் மேல் உரசும் மெல்லிய சத்தம், ஒரு நெருடல், கனமாக ஒரு 'களக்'.

"பூட்டு தெறந்துட்டு" என்றார்.