கடலில் ஒரு முழுப் பேரு

தெரேசா கடலுக்குப் போவது இது நாலாவது தடவை. கடலில் குளித்தது ஒரு தடவைகூட இல்லை.

சொன்னால் நம்பமாட்டீர்கள். டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் எந்தப் பொம்பளையை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் இதே கதையைத்தான் சொல்வார்கள். ட்ரிப் என்று வேன் பிடித்துப் போவார்கள். வேன் நின்றதுதான் தாமதம், ஆம்பளைகளும் பிள்ளைகளும் உடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டுத் தண்ணீருக்கு ஓடுவார்கள். எறிந்த உடுப்பைப் பொறுக்கி மடிப்பது, செருப்புகளுக்குக் காவல் இருப்பது, அடுப்பு மூட்டுவது, வெங்காயம் உரிப்பது எல்லாம் பொம்பளைகள் பாடு. சோறு வடித்து, கறி இறக்கி, எல்லாருக்கும் போட்டுக் கொடுத்து, சட்டி பானை கழுவி நிமிர்ந்தால், "ஏறுங்க, ஏறுங்க, நேரமாச்சு" என்று டிரைவர் ஹோன் அடிப்பார். கல்யாண வீட்டில் கிடாரம் கிடாரமாகச் சமைப்பது ஆம்பளைகள்தான். கடலைக் கண்டால் மட்டும் அவர்களுக்குக் கரண்டி பிடிக்கவே மறந்துவிடும். என்ன மாயமோ!

தெரேசாவும் கணுக்கால் வரைக்கும் நனைந்திருக்கிறாள், சட்டி கழுவப் போனபோது. அதைக் குளியல் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "அது அரைப்பேரு" என்பாள்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேரு' என்று பெயர். சொன்ன கிலோக் கொழுந்தைப் பறித்துக் கொடுத்தால் முழுப் பேரு. குறைந்தால் அரைப்பேரு. வராதவளுக்குப் பேரே கிடையாது. அந்தப் பேரைச் சொல்லுகிற கங்காணி வேறு யாருமில்லை, தெரேசாவின் புருஷன் மரியநாயகம்தான். நல்ல மனுஷன். குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார். ஆனால் பேரு விஷயத்தில் கல். கட்டின பெண்டாட்டிக்கே ஒரு மழை நாளில் அரைப்பேரு போட்டுவிட்டு, அன்றைக்கே அவள் சுட்ட ரொட்டியை ஒன்றும் நடக்காதது போலப் பிய்த்துத் தின்றவர்.

போன தடவை நிலாவெளிக்குப் போனபோது மீனம்மாவும் கூட வந்திருந்தாள். வரிசை வீடுகளான லயத்தில் இவளுக்கு அடுத்த காம்பரா. மலையிலும் தெரேசாவுக்குப் பக்கத்து நிரையில் நின்று கொழுந்து பறிப்பவள். இருவரும் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, அடுத்த தடவ வந்தா வெங்காயமாவது ஒண்ணாவது. நேரா தண்ணிக்குள்ளதான்" என்றாள் மீனம்மா. சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் தெரேசாவுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. வெங்காயத்துக்கு வந்த கண்ணீரும் சிரிப்புக்கு வந்த கண்ணீரும் ஒன்றாக ஓடின.

அடுத்த தடவை மீனம்மாவுக்கு வாய்க்கவில்லை. அந்த வருஷமே ஒரு காலையில் மலையில் குளவிக்கூடு கலைந்தது. எல்லாரும் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். மீனம்மா கால் தடுக்கி விழுந்தாள், குளவிகள் அவளை மொய்த்துக்கொண்டன. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே உயிர் போய்விட்டது. அன்று அவள் கூடையில் பாதிகூட நிரம்பியிருக்கவில்லை. மரியநாயகம் அவளுக்கு அரைப்பேரு போட்டார். "அதுக்கு மேல போட சட்டம் இல்ல" என்றார்.

தெரேசா அதற்கு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு ஆயுசு முழுக்கக் கொழுந்து பறித்தவளுக்குக் கடைசியாக விழுந்தது அரைப்பேரா என்று அன்றைக்கு அவளுக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது. அவள் பேசாமல் இருந்ததைப் பார்த்து மறந்துவிட்டாள் என்று மரியநாயகம் நினைத்திருந்தால் அது அவர் பிழை.

இந்தத் தடவை பாசிக்குடா. வெள்ளிக்கிழமை போயா, பௌர்ணமி லீவு. சனிக்கிழமைப் பேரு போனால் போகட்டும் என்று லயத்து ஆட்கள் புறப்பட்டார்கள். மீனம்மாவின் புருஷன் அழகுமுத்துவும், கொழும்பில் கார்மென்ட்ஸில் வேலை செய்யும் மகள் தனுஜாவும் வந்தார்கள். தெரேசாவின் மகன் ஜெரோஷன் ஹட்டன் கடையில் லீவு சொல்லிவிட்டு வந்து சேர்ந்தான். வேனில் இடம் போதாமல் அழகுமுத்து சோற்றுக் கிடாரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டே தூங்கினார். தெரேசாவுக்குத் தூக்கம் வரவில்லை. இந்தத் தடவை குளிக்காமல் திரும்பினால் என் பேரு தெரேசா இல்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பாசிக்குடாவில் மரநிழலில் வேன் நின்றது. மரியநாயகம் அதற்குள் அரைக்கால் சட்டைக்கு மாறி, துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். தெரேசா அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"எல்லாரும் அப்படியே நில்லுங்க. இன்னைக்கு பெரட்டு நான்தான்."

காலையில் ஆட்களை நிறுத்தி, யாருக்கு எந்த மலை, என்ன வேலை என்று பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு. மரியநாயகம் தினமும் நிற்கிற இடம் அது. எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். தெரேசா சிரிக்கவில்லை.

"ஜெரோஷன், நீ கோழி கழுவு. அழகுமுத்து தம்பி, நீங்க வெங்காயம். மத்த ஆம்பளைங்க தேங்கா துருவுங்க, தண்ணி புடிங்க. கங்காணி சோறு."

"நானா?" என்றார் மரியநாயகம்.

"நீங்கதான். கலியாண வூட்டுல கிடாரம் கிண்டுற கைதானே?"

"இந்தா தெரேசா, நாங்க ஒரு முழுக்கு போட்டுட்டு வந்து..."

"வேணாங்க. முழுக்கு போட்டா பசிக்கும். பசிச்சா எங்க மூஞ்சியத்தான் பாப்பீங்க. பொம்பளைங்க எல்லாம் கடலுக்கு. வேல பிரிச்சாச்சு, போங்க."

மரியநாயகம் ஆதரவு தேடி மற்ற ஆம்பளைகளைப் பார்த்தார். அவர்கள் மரத்தைப் பார்த்தார்கள், வேனைப் பார்த்தார்கள். அழகுமுத்து மட்டும் வெங்காயப் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"போன தடவ அவ உரிச்சதுதானே அக்கா. இந்தத் தடவ நான் உரிக்கிறேன். நீங்க போங்க."

அதற்குப் பிறகு மற்ற ஆம்பளைகளும் ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொண்டார்கள்.

பொம்பளைகளைக் கிளப்புவதுதான் பெரும்பாடாக இருந்தது. "நமக்கு நீச்சல் தெரியாதே அக்கா" என்று லயத்துச் சர்மிளா வேன் கதவை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"நீந்தவா போறோம்? குளிக்கப் போறோம். வாங்க, நிரை புடிங்க. ஒருத்தி கைய ஒருத்தி வுடக்கூடாது."

நிரை என்றதும் கால்கள் தானாக வந்து வரிசையில் நின்றன. தெரேசா மட்டும் மணலில் உட்கார்ந்து, மடியிலிருந்து சவர்க்காரத் துண்டை எடுத்துக் கணுக்காலில் அழுத்திப் பூசினாள். தனுஜா விழித்தாள்.

"பெரியம்மா, என்ன செய்யிறீங்க?"

"அட்டைக்குத்தான்."

மலையில் ஈரத்தில் கால் வைக்குமுன் அட்டை ஏறாமலிருக்கச் சவர்க்காரம் பூசுவது வழக்கம். எத்தனை வருஷத்துப் பழக்கம், ஈரம் என்றதும் கை தானாகப் போய்விட்டது. கோழி கழுவிக்கொண்டிருந்த ஜெரோஷன் அங்கிருந்தே கத்தினான்: "கடலட்டைன்னு ஒண்ணு இருக்கும்மா! ஆனா அது பாவம், கடிக்காது!"

"கடிச்சாலும் கடிக்காட்டியும் பூசுனது பூசுனதுதான்டா" என்று எழுந்தாள் தெரேசா.

லயத்துப் பீலியில் கொட்டும் மலைத்தண்ணீரில் விடிகாலையில் குளிப்பவள் அவள். அந்தக் குளிருக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு முதல் அடியை வைத்தாள். தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. யாரோ தனக்கென்று சுடவைத்துக் காத்திருந்ததுபோல் அவளுக்கு ஆகிவிட்டது. பிள்ளை பெற்ற நாட்களைத் தவிர அவளுக்கு யாரும் தண்ணீர் சுடவைத்துக் கொடுத்ததில்லை.

ஆனால் பாசிக்குடாக் கடலுக்கு ஒரு குணம் உண்டு. ஆழம் சுலபத்தில் வராது. நடந்தார்கள், முழங்கால். இன்னும் நடந்தார்கள், அப்போதும் முழங்கால்.

"இந்தக் கடலுமா நமக்கு அரைப்பேரு போடுது?" என்றாள் தெரேசா.

நிரை சிரிப்பில் அவிழ்ந்தது. சர்மிளா அங்கேயே தொப்பென்று உட்கார்ந்து, தலையில் தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். "போதும் அக்கா, இங்கனயே உக்காருங்க."

"உக்காந்து அள்ளி ஊத்துனா அது பீலி. நான் கடல்ல குளிக்க வந்தேன்."

அவள் நடந்தாள். தனுஜா மட்டும் கையை விடாமல் கூடவே வந்தாள். சரிவில் ஏறி இறங்கித் தேய்ந்த முழங்கால் வலித்தது. தண்ணீர் தொடைக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. கரையிலிருந்து மரியநாயகத்தின் குரல் கேட்டது.

"தெரேசா! போதும்! திரும்பு!"

ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குக் கேட்கிற குரல் அது. காலமெல்லாம் அந்தக் குரலுக்குத் திரும்பியவள்தான் அவள். இன்று திரும்பவில்லை.

தண்ணீர் நெஞ்சுக்கு வந்தபோது பயம் வந்தது. பயந்தாள், அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஒரு சின்ன அலை வந்து அவளைத் தூக்கியது. காலுக்குக் கீழே மண் இல்லை. "அம்மாடி!" என்று அலறித் தனுஜாவின் தோளைப் பற்றினாள். அலை அவளை மெல்ல இறக்கிவிட்டது. முதுகில் கூடை இல்லாமல், தன் உடம்பின் பாரம்கூட இல்லாமல் அந்த ஒரு கணம் இருந்ததை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிறுபிள்ளைபோல் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு, தலை முழுக்க உள்ளே போகும்படி முங்கி எழுந்தாள். வாயெல்லாம் உப்பு.

"போதுமா பெரியம்மா? போவமா?"

"இரு. இன்னொண்ணு இருக்கு."

மறுபடி முங்கினாள். இந்தத் தடவை மெதுவாக, வெகு நேரம். எழுந்து தனுஜாவைப் பார்த்தாள். அது யாருக்கு என்று பிள்ளைக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தனுஜாவும் மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினாள். எழுந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

அவர்கள் திரும்பி வந்தபோது மரியநாயகம் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். கையில் கரண்டி. அடுப்படியிலிருந்து தீய்ந்த வாசனை வந்துகொண்டிருந்தது.

"பைத்தியமா புடிச்சிருக்கு? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா?" என்று கத்தினார்.

தெரேசா சேலைத் தலைப்பைப் பிழிந்துவிட்டு நேராக நின்றாள். "கங்காணி, பேரு போடுங்க."

"என்ன பேரு?"

"எனக்கு முழுப் பேரு."

"சரி, போட்டாச்சு. வந்து சோத்தப் பாரு, அடி புடிச்சிருச்சு."

"இன்னொண்ணும் இருக்குங்க. மீனம்மாவுக்கு. அதுவும் முழுப் பேரு."

மரநிழலில் அழகுமுத்துவின் கத்தி நின்றது. வராதவளுக்குப் பேரு போட்டதில்லை மரியநாயகம், யார் வந்து கெஞ்சினாலும். அவர் தெரேசாவைப் பார்த்தார். தனுஜாவைப் பார்த்தார். வாயைத் திறந்தார், சட்டம் என்ற சொல் வரவில்லை. பிறகு, கொழுந்து நிறுக்கிற இடத்தில் நிற்பதுபோல் நிமிர்ந்து நின்று, மலைக்கு மலை கேட்கிற அந்தக் குரலில் கூப்பிட்டார்.

"மீனம்மா!"

"இருக்காங்க" என்றாள் தனுஜா.

"முழுப் பேரு" என்றார் மரியநாயகம். சொல்லிவிட்டு, இனி என்ன செய்வதென்று தெரியாதவர்போல் கரண்டியைத் தெரேசாவிடம் நீட்டினார்.

தெரேசா அதை வாங்கவில்லை. தனுஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி கடலுக்குள் நடந்தாள்.