அடுப்புக்கு மேல் தொங்கிய காயில்

போர்ட் பிளேர் கராச்சர்மாவில் மோட்டார் காயில் கட்டும் கடையிலிருந்து சூடான வார்னிஷ் வாசனை வந்தால் போதும், பின்னாளில் சுனாமி துடைத்துக்கொண்டு போன எங்கள் ஹட் பே தீவு வீட்டுச் சமையலறைக்குள் போய் மாட்டிக்கொள்வேன். முன்னால் கடல், பின்னால் காடு, தகரக் கூரையில் ஓயாத மழை. அப்பா அங்கே வயர்லெஸ் ஆபரேட்டர். முன்னறையில் செய்தி கேட்கிற பெட்டி ஒன்றும், நாம் பேசுவதை அனுப்ப பீரோ உயரத்துக்கு ஒரு வால்வு டிரான்ஸ்மிட்டரும் இருந்தன. ஒரு மழைக்காலத்தில் டிரான்ஸ்மிட்டர் ஊமையாகிவிட்டது. கண்ணாடி வால்வுகள் விளக்குப்போல் எரிந்தன, பேச்சு மட்டும் போகவில்லை. அப்பா வால்வுகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து அலுத்து, கடைசியில் உப்பு ஈரம் குடித்த காயிலைக் கழற்றி அடுப்புக்கு மேல் கருவாட்டுக்குப் பக்கத்தில் வார்னிஷ் மணக்கத் தொங்கவிட்டார். கப்பலேறிப் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நிறைமாத அம்மா, அதன் கீழேயே உட்கார்ந்து, புகையில் கண்ணெரிய ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாள்.

முன்னறைப் பெட்டி மட்டும் வேளை தவறாமல் போர்ட் பிளேரிலிருந்து கூப்பிடும்: "ஹட் பே, ஹட் பே, சுன் ரஹே ஹோ?"

"கேக்குதுடா பாவி, கேக்குது!" என்று ஊதுகுழலை எடுத்துவிட்டு அம்மா சுவரைப் பார்த்துக் கத்துவாள்.

ஒருவழியாகக் காயில் காய்ந்தது. அப்பா அதை மாட்டி, போர்ட் பிளேரைக் கூப்பிட்டு, கப்பல் எப்போது என்று கேட்டார். உடனே பதில் வந்தது. கடல் தணிகிற வரை கப்பல் கிடையாதாம்.

அம்மா முன்னறையிலிருந்து எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். அதுவரை ரேடியோதான் ரிப்பேர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.