டார்ஜிலிங்கில் சிவராமகிருஷ்ணன்

சிவராமகிருஷ்ணன் காலமானபோது அவர் முகத்துக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு போட்டோ. அதுவும் ஆபீஸ் அடையாள அட்டையில் ஒட்டியிருந்தது. கல்கத்தா கிடர்பூரில் ஒரு கப்பல் ஏஜென்ட் கம்பெனியில் கணக்குப் பார்த்த மனுஷர் அவர். அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தில் குரூப் போட்டோ என்று யாராவது கூப்பிட்டால் தூணுக்குப் பின்னால் போய்விடுவார். சொந்தக் கல்யாண ஆல்பமோ, ஒரு மழைக்காலத்தில் லேக் மார்க்கெட் வீட்டுக்குள் புகுந்த தெருத்தண்ணீரில் ஊறிக் களியாகிவிட்டது. ஆக, அந்த அட்டைதான் கதி. அதில் இடது தோளில் பாதி ரப்பர் ஸ்டாம்போடு அவர் உலகத்தையே முறைத்துக்கொண்டிருந்தார்.

2003இல் முதல் வருஷாப்திகம் நெருங்கியது. சென்னையிலிருந்து அவருடைய தம்பி சீதாராமன் போன் செய்தார். ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், போனில்கூட வகுப்பெடுப்பார்.

"மன்னி, அண்ணா படத்தைப் பெரிசு பண்ணிக் கூடத்துல மாட்டிடுங்கோ. கம்பீரமா இருக்கணும். நான் வந்து மாலை போடறேன்."

சிவராமகிருஷ்ணனின் மனைவி கோமதி சரி என்றுதான் சொன்னாள். போனை வைத்ததும் கவலை பிடித்துக்கொண்டது. படம் சுவரில் ஏறிவிட்டால் இனி தன் காலம் முடியும்வரை காலைக் காபியோடு அந்த முறைப்பையும் சேர்த்துக் குடிக்க வேண்டும். முப்பது வருஷம் குடித்தது போதாதா? ஒண்டியாக இருக்கப்போகிற வீட்டில், பார்த்துக்கொண்டிருக்கத் தோதாக ஒரு முகம் வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

அவர் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. சிரிப்பதில் சிக்கனம், லீவு போடுவதில் அதைவிடச் சிக்கனம். பூஜை விடுமுறை வந்தால் தெருவிலிருக்கும் வங்காளிகள் எல்லாரும் குரங்குக் குல்லாயும் ஃபிளாஸ்க்குமாக டார்ஜிலிங் கிளம்பிவிடுவார்கள். கோமதி ஜன்னலில் நின்று கையாட்டுவாள். "நாமும் ஒருதரம் போயிட்டு வரலாமே" என்றால், "மலை எங்கேயும் ஓடிப்போயிடாது" என்பார். மலை ஓடவில்லை. அவர்தான் முந்திக்கொண்டார்.

மாடி வீட்டு வங்கி அதிகாரியின் மகள் மேக்னா ஒரு ஸ்டூடியோவில் கம்ப்யூட்டரில் படங்களைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பிறந்து வளர்ந்தது கல்கத்தா. தமிழ் அவள் வாயில் கொஞ்சம் நொண்டும். கோமதி அட்டையைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தாள்.

மேக்னா முதலில் ரப்பர் ஸ்டாம்பைத் துடைத்தாள். பிறகு வெளிச்சம் கூட்டினாள். முறைப்பும் கூடியது.

"கொஞ்சம் சிரிக்க வையேன்" என்றாள் கோமதி.

மேக்னா உதட்டின் இரண்டு ஓரத்தையும் மேலே இழுத்தாள். விளக்கெண்ணெய் குடித்துவிட்டு, நன்றாயிருக்கிறது என்று பொய் சொல்கிற மாதிரி ஒரு முகம் வந்தது.

"ஈஷ்! மாமி, இது மாமா இல்லை."

"ஆமாம், எடுத்துடு. அதுக்குப் பதிலா சட்டையை மாத்து. சிவப்பு."

வெள்ளைச் சட்டையைத் தவிர வேறெதையும் தொடாத மனுஷருக்குச் சிவப்புச் சட்டை ஏறியது. அப்புறம் கட்டம் போட்டது. அப்புறம் பூப்போட்டது. மீசையைக் கொஞ்சம் முறுக்கினார்கள். கறுப்புக் கண்ணாடி மாட்டினார்கள். அது மேலே வந்து உட்கார்ந்ததும் கோமதி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தாள். "ஏன்னா, எப்படி இருக்கு?" என்று திரையைப் பார்த்தே கேட்டாள். கல்யாணமானதிலிருந்து அவர் எதிர்த்துப் பேசாமல் இருந்தது இதுதான் முதல் தடவை. அந்த ருசியில் மறுநாளும் போனாள், அதற்கு மறுநாளும் போனாள்.

கடைசியில் மேக்னா புருவங்களுக்கு நடுவே இருந்த கோட்டை மட்டும் அழித்தாள். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்திருப்பாரே, அந்த ஆள் வந்துவிட்டார். கோமதிக்குச் சிரிப்பு நின்று கண் கலங்கியது.

"இவரை டார்ஜிலிங் கூட்டிண்டு போயிடு" என்றாள். "என்னையும் பக்கத்துல நிறுத்து."

மேக்னா பின்னால் பனிமலையை நிறுத்தினாள். மருமான் கல்யாணத்தில் எடுத்த படத்திலிருந்து பட்டுப்புடவையோடு கோமதியை வெட்டி எடுத்து, ஒரு சால்வை போர்த்தினாள். அவர் கழுத்துதான் வெறிச்சென்று இருந்தது.

அதற்கும் கோமதியிடம் வழி இருந்தது. டிரங்குப் பெட்டியில் ரொம்ப வருஷமாக ஒரு பழுப்புக் கட்டம் போட்ட மஃப்ளர் கிடந்தது. கல்கத்தாக் குளிருக்குக்கூட அதை அவர் போட்டதில்லை. ஒருமுறை அவள் அதை ஊறுகாய் ஜாடி வாய்க்குக் கட்டிவிட்டாள். ஆபீஸிலிருந்து வந்தவர் பார்த்தார், அவிழ்த்தார், உதறி மடித்துப் பெட்டியில் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவருடைய மௌனத்துக்கெல்லாம் அர்த்தம் தேடிக்கொண்டிருந்தால் அடுப்பு வேலை யார் பார்ப்பது என்று அவளும் விட்டுவிட்டாள். இப்போது அந்த மஃப்ளரை ஸ்கேனர் கண்ணாடியில் விரித்துப் படமெடுத்து, மேக்னா அவர் கழுத்தில் சுற்றினாள்.

"தாருண், மாமி! பிரமாதம்!"

கோமதி இரண்டு பிரிண்ட் வாங்கினாள். சீதாராமனுக்காகக் கம்பீரமான முறைப்பு ஒன்று. தனக்காக டார்ஜிலிங் ஒன்று. இரண்டையும் சட்டம் போடுகிற கடையில் கொடுத்து, ஒன்றின் பின்னால் ஒன்றாக ஒரே சட்டத்தில் போடச் சொன்னாள். முன்னால் அவர் முறைத்துக்கொண்டிருக்கட்டும். பின்னால் இரண்டு பேரும் மலையில் நிற்பது அவளுக்கு மட்டும் தெரிந்தால் போதும். எது முன்னால் என்று மட்டும் சொல்லாமல் வந்துவிட்டாள்.

செய்தித்தாள் சுற்றிய சட்டம் வருஷாப்திகத்துக்கு முதல்நாள்தான் வந்தது. வீட்டில் அரிசி, எள், வாழையிலை என்று ஆயிரம் வேலை. யாரும் பிரிக்கவில்லை. மறுநாள் காரியமெல்லாம் முடிந்து சீதாராமன் காகிதத்தைப் பிரித்தார். சாஸ்திரிகள் மாலையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். எடுத்த கை அப்படியே நின்றது.

பனிமலை பளீரென்று இருந்தது. கடைக்காரன், அழகான படம்தானே முன்னால் இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை.

"மாமி, நீங்கோ தீர்க்காயுசா இருக்கணும்" என்றார் சாஸ்திரிகள். "நீங்கோ இருக்கற படத்துக்கு எப்படி மாலை போடறது?"

"பின்னால இன்னொண்ணு இருக்கு. கம்பீரமா…" என்று கோமதி இழுத்தாள். சீதாராமன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்துக்கு அருகே குனிந்தார். வகுப்பெடுக்கப்போகிறார் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இது என் மஃப்ளர்" என்றார் சீதாராமன்.

படத்தில் அண்ணாவின் கழுத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

"டெல்லி டிரெயினிங் போனப்போ வாங்கினது. அம்மா திவசத்துக்கு வந்தபோது அண்ணா கேட்டு வாங்கிண்டு போனார். 'அவளை டார்ஜிலிங் கூட்டிண்டு போகப்போறேண்டா, லீவு கேட்டிருக்கேன். கிடைச்சப்புறம்தான் அவகிட்ட சொல்லணும், இல்லேன்னா ஏமாந்து போயிடுவா'ன்னார். அப்புறம் அவரும் சொல்லலை, நானும் கேட்கலை." அவர் மறுபடி அந்தப் பனிமலையைப் பார்த்தார். "அப்போ லீவு கிடைச்சிருக்கு. இல்லையா மன்னி?"

கோமதிக்கு முதலில் கோபம்தான் வந்தது. சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? லீவு கேட்டும் ஆபீஸில் கொடுக்கவில்லை என்று தெரிந்திருந்தால் அந்த ஜன்னலில் அவ்வளவு வருஷம் அவரைத் திட்டிக்கொண்டு நின்றிருக்க மாட்டாளே. கோபத்தின் பின்னாலேயே அழுகை வந்தது. படத்தில் ஞாயிற்றுக்கிழமை முகத்தோடு அவர் அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"கிடைச்சுது" என்றாள். "நாலு நாள்."

"குளிர் ஜாஸ்தியோ?"

"ஜாஸ்திதான். உன் மஃப்ளரை அவர் கழட்டவே இல்லை."